உட்கார்ந்திருந்தவர்கள் படித்த பாடம்

ஆறாம் வகுப்பு. ஜூலை மாதம் என்று நினைவு. வருகைப் பதிவு முடிந்து தமிழ் ஐயா செய்யுளைத் தொடங்கும் நேரம். அலுவலகத்திலிருந்து கிளார்க் ஒரு தாளோடு வந்தார். ஐயா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, புத்தகத்தில் விரலை வைத்தபடியே சொன்னார்: “எஸ்.சி. பிள்ளைங்க எல்லாம் எழுந்திருங்க.”

ஒன்பது பேர் எழுந்தார்கள். சட்டென்று எழவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, தயங்கித் தயங்கி, ஒவ்வொருவராக எழுந்தார்கள். கடைசியாக எழுந்தவன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன். அதுவரை அவன் எங்களுக்குக் கணக்கில் கெட்டிக்காரன், கோலி ஆட்டத்தில் குறி தவறாதவன், அவ்வளவுதான். இரண்டு நிமிடம் நின்றான். ஐயா எண்ணிக் குறித்துக்கொண்டு உட்காரச் சொன்னார். மறுநாள் எங்கள் பெஞ்சில் ஐந்து பேருக்குப் பதிலாக மூன்று பேர்தான் இருந்தோம். இருவர் வேறு பெஞ்சுக்குப் போயிருந்தார்கள். ஏன் மாறினீர்கள் என்று ஐயா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அது உதவித்தொகைக்கான பட்டியல். அந்தப் பணம் அந்தக் குடும்பங்களுக்குத் தேவையான பணம், சட்டப்படி அவர்களுக்குச் சேர வேண்டிய பணம். ஐயாவும் கெட்டவர் அல்லர். அன்பாகப் பாடம் நடத்தியவர். ஆனாலும் நாற்பது பிள்ளைகள் முன்னால் ஒன்பது பேரை எழுப்பி நிறுத்திய அந்த இரண்டு நிமிடம், வருடம் முழுக்க அவர் நடத்திய பாடங்களைவிட ஆழமாக எங்களுக்குள் இறங்கியது.

தலித் குழந்தைகளின் கல்வி என்று பேச்செடுத்தால் எழுந்து நின்ற ஒன்பது பேரைப் பற்றியே பேசுகிறோம். அவர்களுக்குச் சீருடை, புத்தகம், விடுதி, உதவித்தொகை. எல்லாம் வேண்டியவை, இன்னும் கூடுதலாகவே வேண்டியவை. உட்கார்ந்திருந்த முப்பத்தொரு பேரும் அன்று ஒரு பாடம் படித்தார்கள். அந்தப் பாடத்தைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

மணி அடித்த பிறகு உள்ளே போன சிறுவன்

இரட்டைமலை சீனிவாசன் தன் வாழ்க்கையைச் சின்னஞ்சிறு நூலாக எழுதி வைத்திருக்கிறார். ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்று பெயர். அதில் கோயம்புத்தூரில் படித்த நாட்களைப் பற்றிச் சில வரிகளே வருகின்றன. சுமார் 400 மாணவர்கள். பத்துப் பேர் போக மற்றவர்கள் பிராமணர்கள். யாரோடாவது நட்பு வைத்தால் வீடு எங்கே, குடும்பம் எது என்று பேச்சு போகும்; போனால் சாதி தெரிந்துவிடும்; தெரிந்தால் தாழ்வாக நடத்துவார்கள். இந்தப் பயத்தில், பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகே வகுப்புக்குள் போவார். வகுப்பு விட்டதும் யாரும் தன்னை எட்டிவிடாதபடி வேகமாக நடந்து வீடு சேர்வார். பிள்ளைகளோடு கூடி விளையாட முடியாமல் போன வருத்தத்தை முதிய வயதிலும் அவர் மறக்கவில்லை.

பின்னாளில் 1893ல் ‘பறையன்’ என்ற பெயரிலேயே இதழ் நடத்தியவர் அவர். லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு உட்கார்ந்து பேசியவர். படிப்பில் அந்தச் சிறுவன் எதையும் தவறவிடவில்லை. விளையாட்டைத்தான் தவறவிட்டான்.

அந்த அம்பேத்கரும் சாதாராவில் பள்ளிப் பிள்ளையாக இருந்தபோது கோணிச் சாக்கு ஒன்றை வீட்டிலிருந்து கொண்டுபோய் அதில்தான் உட்கார வேண்டும். மாலையில் அதைச் சுருட்டித் திரும்ப எடுத்துப் போக வேண்டும். பள்ளிக்கூடத்தைப் பெருக்கும் ஆள்கூட அந்தச் சாக்கைத் தொடமாட்டார். பியூன் வந்து குழாயைத் திறந்தால் தண்ணீர் உண்டு. பியூன் வராத நாளில் தாகம்தான். ஒருவர் ஒளிந்து படித்தார், ஒருவர் ஒதுக்கப்பட்டுப் படித்தார். படித்தால் சாதி போய்விடும் என்று இன்றைக்கும் பிள்ளைகளிடம் சொல்கிறோமே, அவர்கள் இருவரையும்விடப் படித்தவர்கள் யார்?

தாங்களே கட்டிய பள்ளிகள்

உள்ளே விடவில்லை என்றால் தனியாகவே கட்டுவோம் என்ற முடிவு சென்னையில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. 1894ல் பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட் அடையாறு பக்கம் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளியைத் திறந்தார். அயோத்திதாசர் தன் மருத்துவத்தையும் எழுத்தையும் ஒரு கையிலும் பிள்ளைகளின் படிப்பை மறு கையிலும் வைத்துக்கொண்டு வாழ்ந்தார். 1907ல் அவர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைப் புரட்டினால் கல்வி பற்றிய பேச்சு தவறாமல் வரும்.

இவற்றில் என் மனம் அதிகம் நிற்பது சிதம்பரத்தில். ஆரணிப் பக்கம் ஏழைத் தலித் குடும்பத்தில் பிறந்து, துறவியாகி, சுவாமி சகஜானந்தர் என்ற பெயரோடு அந்த ஊருக்கு வந்தவர் 1916ல் அங்கே ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதற்கு நந்தனார் பெயரை வைத்தார். நந்தனார் தீயில் இறங்கி எழுந்த பிறகே கோயிலுக்குள் போக முடிந்தது என்று பெரிய புராணம் சொல்லும் அதே சிதம்பரம். அங்கே, தீயில் இறங்காமல் ஒரு பிள்ளை உள்ளே வந்து உட்கார ஓர் இடம் வேண்டும் என்று நினைத்தவர், அந்த இடத்துக்கு அந்தப் பெயரை வைத்தது எவ்வளவு பெரிய செயல்! வயல் வேலைக்குப் போக வேண்டிய பிள்ளைகளுக்குத் தங்க இடமும் சாப்பாடும் தந்தால்தான் படிப்பு நிற்கும் என்பதையும் அவர் அன்றே புரிந்துவைத்திருந்தார். நந்தனார் பெயரில் சிதம்பரத்தில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் பள்ளிகள் இன்றும் நடக்கின்றன.

அரசாங்கமும் ஒரு வழி கண்டது. அக்கிரகாரத்திலும் கோயில் மண்டபத்திலும் சாவடியிலும் நடந்த பள்ளிகளுக்குள் சேரிப் பிள்ளைகள் கால் வைக்க முடியாத நிலையில், 1920களில் சென்னை மாகாணத் தொழிலாளர் துறை சேரிகளிலேயே பள்ளிகளைத் திறந்தது. ‘லேபர் ஸ்கூல்’ என்று பெரியவர்கள் சொல்வது இவற்றைத்தான். அதுவே ஹரிஜன நலத்துறைப் பள்ளியாகி, பிறகு ஆதிதிராவிடர் நலப் பள்ளியாயிற்று. இன்றைக்கு ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்ட பள்ளிகள். இவை இல்லாவிட்டால் இரண்டு மூன்று தலைமுறைகள் எழுத்தே அறியாமல் போயிருக்கும். எத்தனையோ ஆசிரியர்கள், தாசில்தார்கள், செவிலியர்களின் முதல் ‘அ’ அந்தக் கரும்பலகையில்தான் எழுதப்பட்டது.

நாடு முழுக்கப் பட்டியல் சாதியினரில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 1961ல் நூற்றுக்குப் பத்துப் பேர். 2011ல் அறுபத்தாறு பேர். தமிழ்நாட்டில் அதே 2011ல் எழுபத்து மூன்று பேர். மாநிலத்தின் மொத்தக் கணக்கு எண்பது. இந்த ஏற்றத்தை யாரும் தட்டில் வைத்துக் கொடுக்கவில்லை. கூலியில் மிச்சம் பிடித்து நோட்டு வாங்கிய தாய்மார்களின் உழைப்பு அது. அந்த ஏழு பேர் இடைவெளியும் பெரிதாகத் தெரியாமல் போகலாம். பள்ளிக்குள் நுழைந்தவர்களுக்கு அங்கே என்ன நடக்கிறது என்பதைத்தான் எந்தக் கணக்கெடுப்பும் கேட்பதில்லை.

தட்டு, கயிறு, துடைப்பம்

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. அடுத்த மாதமே எட்டயபுரம் அருகே உசிலம்பட்டி கிராமத்தில், சமைப்பவர் தலித் பெண் என்பதால் தங்கள் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று பெற்றோர் தடுத்தார்கள். அமைச்சரும் எம்.பி.யும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. கரூர் மாவட்டத்தில் ஒரு பள்ளியிலும் இதே சிக்கல். அங்கே ஆட்சியர் போய்ச் சாப்பிட்டார். 1956ல் காமராசர் மதிய உணவைத் தொடங்கிய ஊர் எட்டயபுரம். அறுபத்தேழு வருடம் கழித்து அதே வட்டாரத்தில் ஒரு பெண்ணின் கை பட்ட உப்புமா பிரச்சினையாகிறது. அந்தத் தட்டைத் தள்ளிவைக்கும்படி ஆறு வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தது வீடு. அது தவறு என்று சொல்லிக் கொடுக்க வேண்டியது பள்ளி. அமைச்சர் ஒருநாள் வந்து போவார். மீதி இருநூறு நாளும் அந்தப் பிள்ளையின் முன்னால் நிற்பவர் ஆசிரியர்தான்.

2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் அருகே பாஞ்சாகுளத்தில், கடைக்கு மிட்டாய் வாங்கப் போன தலித் பிள்ளைகளுக்கு விற்க முடியாது என்று கடைக்காரர் சொன்ன காணொளியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். கையில் காசு வைத்துக்கொண்டு நின்ற அந்தப் பிள்ளைகளுக்கு விஷயம் முழுதாகப் புரியக்கூட இல்லை. அதே ஆண்டின் இறுதியில் ஈரோடு மாவட்டத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில், ஆதிதிராவிடப் பிள்ளைகளைக் கொண்டு கழிவறையைச் சுத்தம் செய்ய வைத்ததாகத் தலைமையாசிரியை கைதானார். தூய்மைப் பணியாளர் வீட்டுப் பிள்ளை டாக்டராகட்டும் என்றுதான் 2009ல் அருந்ததியருக்கு மூன்று விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. மேலே கதவைத் திறந்துவைத்துவிட்டு, கீழே மூன்றாம் வகுப்பில் அந்தப் பிள்ளைகளின் கையில் துடைப்பத்தைக் கொடுத்தால் அந்தக் கதவு வரை யார் போய்ச் சேர்வது?

தென் மாவட்டங்களில் கயிறு. சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று நிறத்துக்கொரு சாதி. கையில் கட்டியிருப்பதைப் பார்த்தே யார் யாரோடு பேசலாம், கபடியில் யாரை அணியில் சேர்க்கலாம் என்று முடிவாகிறது. 2019ல் பள்ளிக் கல்வித் துறை இதைத் தடுக்கச் சொல்லி ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்பு கிளம்பியதும், தன் கவனத்துக்கு வராமல் வெளியான அறிக்கை அது என்று அன்றைய கல்வி அமைச்சரே சொன்னார். கயிறு கையிலேயே இருந்தது.

நாங்குநேரி இரவு

2023 ஆகஸ்ட் 9. நாங்குநேரியில் வசித்த, பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த தலித் மாணவன், உடன் படிப்பவர்களின் தொல்லை தாங்காமல் சில நாட்களாகப் பள்ளிக்குப் போகவில்லை. பள்ளியிலிருந்து அழைத்து விசாரித்தார்கள். அவன் நடந்ததைச் சொன்னான். அன்று இரவு அதே பள்ளி மாணவர்கள் வீடு புகுந்து அவனை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு.

பிள்ளைகளுக்கு நாம் சொல்லும் புத்திமதி எல்லாவற்றையும் அவன் கேட்டு நடந்திருந்தான். நன்றாகப் படி என்றோம், படித்தான். அடிதடிக்குப் போகாதே என்றோம், போகவில்லை. தொந்தரவு என்றால் ஆசிரியரிடம் சொல் என்றோம், சொன்னான். இதற்கு மேல் அந்தப் பிள்ளை என்ன செய்திருக்க வேண்டும்? வெட்டியவர்களும் பிள்ளைகள்தான், பதினேழு வயதுக்காரர்கள். அந்தப் பள்ளியின் பாடப்புத்தகத்தைப் படித்தவர்கள். முதல் பக்கத்தில் தீண்டாமை ஒரு பாவச்செயல் என்று அச்சடித்த புத்தகம். வீட்டிலும் தெருவிலும் திருவிழாவிலும் ப்ளெக்ஸ் பேனரிலும் அவர்கள் வேறொன்றைப் படித்திருந்தார்கள். பள்ளி அதோடு மோதவே இல்லை.

வெட்டுப்பட்டவன் பிழைத்து, மறு ஆண்டு பொதுத்தேர்வு எழுதித் தேர்ச்சி பெற்றான். முதலமைச்சர் வாழ்த்தினார். நாமும் கைதட்டினோம். அந்தக் கைதட்டலோடு ஆறுதல் அடைந்துவிட்டோமோ என்பதுதான் என் கவலை. 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கம், தேர்வு எழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த பதினோராம் வகுப்பு தலித் மாணவனை இறக்கி விரல்களை வெட்டினார்கள்.

நீதிபதி சொன்னது

நாங்குநேரிக்குப் பிறகு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர்க் குழு அமைத்தது. 2024 ஜூன் 18ல் அவர் அறிக்கை கொடுத்தார். அறுநூறு பக்கத்துக்கு மேல். வெளியான வாரமே விவாதம் நெற்றித் திலகம் பற்றிய பரிந்துரையில் போய் நின்றுவிட்டது. தொலைக்காட்சியில் மற்றதை யாரும் பேசவில்லை. நான் அந்த அறிக்கையின் பரிந்துரைகளில் என் ஆறாம் வகுப்பைத் தேடினேன். இருந்தது. உதவித்தொகை விவரத்தை வகுப்பில் அறிவிக்கக் கூடாது. தலைமையாசிரியர் அறையில் மாணவரிடம் தனியாகச் சொல்ல வேண்டும். வருகைப் பதிவேட்டில் சாதிக் குறிப்பு கூடாது. பெயரின் அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும். இவற்றுக்குப் பெரிய நிதி வேண்டாம், சட்டத் திருத்தம் வேண்டாம். நாளைக் காலை முதல் மணிக்கு முன் செய்துவிடலாம்.

பெஞ்சு மாறிய அந்த இருவரை நினைத்துப் பார்க்கிறேன். அகர வரிசை இருந்திருந்தால் அவர்கள் மாறியிருக்க முடியாது. விருப்பமில்லாமல் என்றாலும் உட்கார்ந்தே தீர வேண்டும். ஒரு வருடம் பக்கத்தில் உட்கார்ந்தவனோடு எத்தனை நாள் பேசாமல் இருக்க முடியும்? பிள்ளைகளால் அப்படி இருக்க முடியாது.

கடினமான பரிந்துரைகளும் உண்டு. கல்வி அதிகாரிகளும் தலைமையாசிரியர்களும் அந்த வட்டாரத்தில் ஓங்கி நிற்கும் சாதியைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது. ஆசிரியர்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பள்ளிப் பெயர்களில் சாதி இருக்கக் கூடாது. ஆதிதிராவிடர் நலம், கள்ளர் சீரமைப்பு என்று தனித்தனித் துறைகளில் உள்ள பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையோடு சேர்க்க வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தில் தலித் இயக்கங்களுக்குள்ளேயே எதிர்ப்பு இருக்கிறது. தங்களுக்கென்று உள்ள நிதியும் பணியிடமும் நிலமும் பொதுவில் கரைந்துவிடும் என்ற அச்சம் நியாயமானது. இதற்கு முன் கரைந்திருக்கிறது. சேர்த்தால் தவறில்லை என்பது என் எண்ணம், ஒரு நிபந்தனையோடு: காலனியில் இருக்கும் பள்ளியை மூடிவிட்டு ஊர்த்தெருப் பள்ளியில் சேருங்கள் என்று சொல்லக் கூடாது. காலனிப் பள்ளிக்கு நல்ல கட்டடமும் முழு ஆசிரியர்களும் தந்து, ஊர்த்தெருப் பிள்ளையும் அங்கே நடந்து வரட்டும்.

நமக்கு அறிக்கைகள் புதியவை அல்ல. காட்டுமன்னார்கோவில் எல். இளையபெருமாள், தன் பள்ளி நாட்களில் தனித் தண்ணீர்ப் பானையை உடைத்தவர் என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். அவர் தலைமையில் மத்திய அரசு 1965ல் அமைத்த குழு நாடெங்கும் சுற்றி, தீண்டாமை பற்றியும் பட்டியல் சாதியினரின் கல்வி பற்றியும் 1969ல் அறிக்கை தந்தது. அதற்கும் சந்துரு அறிக்கைக்கும் நடுவே ஐம்பத்தைந்து வருடம்.

இரவுப் படிப்பகமும் விடுதிச் சோறும்

எழுந்து நின்ற பிள்ளைகளுக்கு வருகிறேன். காலனிகளில் இரவு ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள். சமுதாயக் கூடத்திலோ அம்பேத்கர் மன்றத்திலோ ஒரு ட்யூப் லைட், சாய்த்துவைத்த கரும்பலகை, பாயில் இருபது பிள்ளைகள். கல்லூரியில் படிக்கும் அந்தத் தெருப் பெண்ணோ பையனோ பாடம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். சம்பளம் கிடையாது. பகலில் வகுப்பில் கேள்வியே கேட்கப்படாத பிள்ளை இங்கே சத்தமாகப் பதில் சொல்லும். தப்பாகச் சொன்னாலும் யாரும் சிரிக்கமாட்டார்கள், அக்கா திருத்துவாள். தன் தெருவிலிருந்தே ஒருத்தி நர்ஸிங் படிக்கிறாள், ஒருவன் பாலிடெக்னிக் போகிறான் என்று கண்ணால் பார்ப்பதுதான் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும் பெரிய பாடம். இந்தப் படிப்பகங்களுக்கு வேண்டியது ஒழுகாத கூரையும் கொஞ்சம் புத்தகங்களும்.

விடுதிகளை ‘சமூகநீதி விடுதி’ என்று அழைப்போம் என 2025 ஜூலையில் முதலமைச்சர் அறிவித்தார். நல்ல பெயர். சாதியின் பெயரைச் சொல்லி நான் அந்த ஹாஸ்டல் என்று ஒரு பிள்ளை கூச வேண்டியதில்லை. ஆனால் பெயர்ப்பலகைக்கு உள்ளே சாப்பாடும் கழிவறையும் மாற வேண்டும். 2023ல் உணவுக்கான தொகை பள்ளி மாணவருக்கு மாதம் 1,400 ரூபாயாக உயர்ந்தது. ஒரு நாளைக்கு நாற்பத்தாறு ரூபாய், மூன்று வேளைக்கு. வளரும் பையனுக்கு அது போதுமா என்று எந்த வீட்டுத் தாயையும் கேட்கலாம்.

பிற சாதிப் பெற்றோர்களிடம் ஒரு சொல். உங்கள் பிள்ளை சாதி பார்க்காது என்று நம்புகிறீர்கள். பக்கத்தில் உட்காருபவர் பெயர் என்ன, அவர் வீடு எந்தத் தெருவில் என்று அதனிடம் கேட்டுப் பாருங்கள். அந்த நண்பரை வீட்டுக்குச் சாப்பிட அழைத்துவரச் சொல்லுங்கள். அழைக்க உங்களுக்குத் தயக்கமாக இருந்தால், அந்தத் தயக்கத்தை உங்கள் பிள்ளை ஏற்கெனவே படித்துவிட்டது.

ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் முக்கால்வாசி உறுப்பினர்கள் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அங்கே கட்டடம், சுண்ணாம்பு, சுற்றுச்சுவர் பற்றிப் பேசுகிறார்கள். உதவித்தொகைப் பட்டியலை எப்படி எடுக்கிறீர்கள், கழிவறையை யார் கழுவுகிறார்கள், பிள்ளைகளை எந்த வரிசையில் உட்கார வைக்கிறீர்கள் என்று அங்கேயே கேட்கலாம். அடுத்த கூட்டம் என்றைக்கு என்று உங்கள் பிள்ளையின் தலைமையாசிரியரிடம் இந்த வாரமே விசாரியுங்கள். அன்றைக்குப் போய்க் கேளுங்கள்.